ஒன்பதரை பதினெட்டு

ஒன்பதரை பதினெட்டு, ஒன்பதரை பதினெட்டு, பஸ் அதைத்தான் சொல்லிக்கொண்டு ஓடுகிறது, பள்ளத்தில் இறங்கினால் ஒன்பதரை, ஏறினால் பதினெட்டு. தேனியில் ஏறியதிலிருந்து இதே பாட்டு. கேட்டுப் போன டயர் எட்டு பதினெட்டு, கொண்டு வருவது ஒன்பதரை பதினெட்டு, நடுவில் ஒன்றரைதானே, ஒன்றரை என்ன பெரிய ஒன்றரை, ஆனால் அந்த ஒன்றரை பல்லிடுக்கில் மாட்டின பாக்கு மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது. கடைசி சீட்டுக்கு முன்னால் இரண்டு டயரும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன, காலை வைக்க வேறு இடமில்லாமல் டயர்க் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருக்கிறேன், கிணற்றில் காலைத் தொங்கப் போட்டவள் மாதிரி. புது ரப்பர் வாசம். சஹானா வயிற்றில் இருந்தபோது இந்த வாசத்துக்காகவே பஞ்சர் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன், அத்தைக்குத் தெரியாது, தெரிந்தால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லியிருப்பார். ஏற்றும்போது கண்டக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, இது பஸ்ஸா லாரியா?" "அண்ணே, டிக்கெட் போட்டுக்கங்க, சீட்டு கேக்காதுக." "ரெண்டுக்கும் முழு டிக்கெட்டு." "இதுகளுக்கு எதுக்குண்ணே முழு டிக்கெட்டு, பொறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, மேல தேதி அடிச்சிருக்கு பாருங்க." முன்சீட்டு வரைக்கும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்தபடியே முழு டிக்கெட்டையும் கிழித்தார். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கோழி வைத்திருந்த ஒயர் கூடையை என் காலுக்குப் பக்கத்தில் குழிக்குள் இறக்கிவிட்டு, "பத்திரமா இருக்கும்த்தா" என்றார். இப்போது கோழி என் கணுக்காலைக் கொத்திக்கொண்டு வருகிறது. கொத்தட்டும். கொத்துவது தெரிகிறவரைக்கும் தூங்கிவிடமாட்டேன். எங்கே தூக்கம், இரண்டு நாளாகத் தூக்கமா வருகிறது.

நாலு நாள் ஆகிவிட்டது கவாத்து வெட்டி. பன்னீர் திராட்சைக் கொடியை நறுக்கிக் கவாத்து வெட்டினால் ஏழு எட்டு நாளில் மொட்டு கண் திறக்கும், அதற்குள் வரிசைக்கு நடுவே உழுது எரு தள்ளி மண் மூட வேண்டும், இளமொட்டாக இருக்கும்போது உள்ளே வண்டி விட்டால் உரசி உதிரும். ஆள் வைத்துக் கொத்தலாம், ஆள் எங்கே. ஊரில் கை கால் உள்ள பொம்பளை எல்லாம் விடியக்காலையில் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடுகிறார்கள், அந்த ஜீப்பில் ஒன்றை ஓட்டுவதே என் வீட்டுக்காரர்தான். வாடகை டிராக்டர் பிடிக்கலாம், எங்கள் தோட்டத்துக்குள் எந்த டிராக்டரும் நுழையாது. ஊரில் திராட்சை படர்கிற கம்பிப் பந்தல் எல்லாம் ஆறடி, எங்கள் பந்தல் அஞ்சடி. போட்டவர் என் மாமனார், அவர் உயரத்துக்குப் போட்டார், ஆள் அவ்வளவுதான். கல்தூண் நட்ட அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள், "அய்யா, ஒரு அடி விட்டுப் போடுவோம்" என்றார்களாம். "என் தோட்டத்துல நான் ஏணி போட்டா பழம் வெட்டணும்?" என்றாராம். குள்ளப் பந்தல் என்றால் பக்கத்து ஊர்க்காரனுக்கும் வழி தெரியும். அந்தப் பந்தலுக்குள் போவதற்கென்றே தேடிப்பிடித்து ஒரு குட்டி டிராக்டர் வாங்கினார், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், எருமைக் கன்று உயரம், தோட்ட வேலைக்கென்றே செய்தது, அந்தக் கம்பெனியே இப்போது கிடையாது. அவர் போனபின் ஆறு வருடம் அது ஓலைக்கொட்டகையில் கிடந்தது. போன வருடம் என் வீட்டுக்காரர், சுருளிவேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுக் கையைக் கழுவாமலே சொன்னார், "பேசாம கம்பியை அத்துட்டுத் தென்னை வச்சிருவோம். ஆளும் வேணாம், அலைச்சலும் வேணாம்." ஆள் வேண்டாம்தான். எனக்கும் அங்கே வேலை இருக்காது. தென்னை வந்தால் எனக்கு மலைதான், மறுபடியும் அந்த ஜீப்.

இரண்டு வருடம் போனேன் அந்த ஜீப்பில். பதினெட்டுப் பேர், மடி மேல் மடி, கொண்டை ஊசி வளைவில் எல்லார் வயிறும் ஒரே பக்கம் சாயும், சிரிப்பும் பாட்டும்தான், அதைக் குறை சொல்லக்கூடாது, ஏலக்காட்டுக்குள் நான் அடித்த கூத்துக்குக் கங்காணியே சிரிப்பான். ஆனால் அந்த ஆடி மாதம். போன் எடுக்காத காட்டில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கீழே சஹானாவுக்கு ஒன்றரை வயது, காய்ச்சலில் இழுத்துவிட்டது, அத்தை தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார், எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடைப் போனில்தான் தெரிகிறது, மலை இறங்க ஒன்றரை மணி நேரம், மழை வேறு, அந்த ஒன்றரை மணி நேரம் ஜீப்பில் யாரும் பாடவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது, இப்போது நாலு வயது, பால்வாடியில் டீச்சரையே அதட்டுகிறது. ஆனால் ஒன்றரை என்றாலே எனக்கு அந்த ஜீப்தான், பார், ஒன்றரை வயது, ஒன்றரை மணி, எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவிலும் அதே ஒன்றரை, சீ, இதென்ன புத்தி, ரப்பருக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம். தோட்டம் என்றால் கூப்பிடு தூரம். அம்மா என்றால் கேட்கும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும், அதற்காகத்தான் அன்றைக்குச் சொன்னேன், "மாமா, டிராக்டரை நான் கிளப்பிக் காட்டுறேன்." அவர் சிரித்தார். "நீயா?" "நான்தான். கவாத்துக்கு உள்ள விட்டு உழுது காட்டுறேன்." "ஒரு கவாத்து. ஒன்னே ஒன்னு. வண்டி உள்ள போயி உழுதுட்டு வெளிய வந்துருச்சுன்னா தென்னைப் பேச்சே எடுக்கமாட்டேன். இல்லேன்னா மறுநாளே கம்பியை அறுப்பேன்." தென்னங்கன்றுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். அந்த ஒரு கவாத்துதான் இந்தக் கவாத்து.

பதினோரு மாதம். ஏர் கிளீனருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, சைலன்ஸரில் குளவிக்கூடு, எஞ்சின் சிக்கிப்போய் ஆள் ஏறி மிதித்தாலும் சுற்றவில்லை. கம்பத்திலிருந்து மெக்கானிக் தாகிர் பாய் வந்து பார்த்தார், பழைய வண்டி என்றால் அவருக்குச் சீர்வரிசைத் தட்டைப் பார்த்த மாதிரி, சுற்றிச் சுற்றி வந்தார். "தங்கச்சி, உள்ள டீசலை ஊத்தி ஊற வை. தெனம் ஒரு தடவை ஆட்டிப் பாரு. அசைஞ்சா போன் போடு, அசையலேன்னா போடாத." முப்பத்தெட்டாம் நாள் அசைந்தது. சஹானாவின் பால் பவுடர் டப்பாக்கள் பூராவும் மண்ணெண்ணெயும் நட்டும் போல்ட்டும். பிள்ளை ஸ்பேனரில் பத்து, பன்னிரண்டு, பதினாலு படித்தது, பால்வாடியில் ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொன்னால் பத்து பன்னிரண்டு பதினாலு என்கிறதாம். எஞ்சின் ஓடின அன்றைக்குக் கொட்டகை பூராவும் கறும்புகை, அத்தை இருமிக்கொண்டே திருநீறு எடுத்து வந்து ரேடியேட்டரில் பூசினார். தாகிர் பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பின் டயரைக் காலால் தட்டினார், ரப்பர் பொரிப்பொரியாக உதிர்ந்தது. "வாய் வந்துருச்சு, கால் இல்லையே தங்கச்சி. வச்ச எடத்துலயே கத்திக்கிட்டு நிக்க இது என்ன அரசியல் மீட்டிங்கா?" அதிலிருந்து டயர் தேடல். தேனி, போடி, மதுரையில் பழைய டயர் சந்து. ஒருத்தர் ஜீப் டயரைப் போடு என்றார், ஒருத்தர் தேய்ந்த டயருக்குப் பட்டை ஒட்டித் தருகிறேன் என்றார், ஒருத்தர் எட்டு பதினெட்டா, அது செத்து இருபது வருஷமாச்சும்மா என்று துஷ்டி சொல்கிற குரலில் சொன்னார். முன் டயர் இரண்டும் கிடைத்துவிட்டது, பின்கால்தான். இப்போது டிராக்டர் கொட்டகையில் நாலு கருங்கல் மேல் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊசி போடக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நிற்கிறது.

வீரபாண்டி தாண்டும்போது போன் வந்தது. "கெடச்சுச்சா இல்லையா?" "கெடச்சிருச்சு மாமா!" கத்திவிட்டேன், கோழி மிரண்டு சிறகடித்தது. "நெசமாவா? எட்டு பதினெட்டா?" "அது வர்றதில்லையாம். ஒன்பதரை பதினெட்டு. ரிம் அதேதான், உக்காரும்." "அகலமால்ல இருக்கும்? ஒசரமும்ல ஏறும்?" "ரெண்டு விரக்கடைதான் ஏறும் மாமா, நான் அளந்துட்டேன்." "அளந்துட்டியா. சரி. தாகிர் பாய் வந்து உக்காந்துருக்காரு. நான் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பைக் கொண்டு வாறேன்." அளந்துட்டேன் என்று சொல்லும்போது எனக்குள் ஒரு கொழுப்பு. ஏன் இருக்கக்கூடாது. கடைக்காரர் அந்த டயரை உருட்டி வந்தபோது, "ஒசரம் கூடுமேம்மா, யோசிச்சுக்க" என்றார், நான் பையிலிருந்து நூலை எடுத்து டயரைச் சுற்றிப் பிடித்து, இருபத்திரண்டால் வகுத்து ஏழால் பெருக்கி, பழைய டயர் அளவைக் கழித்து, அதில் பாதி, ஏனென்றால் டயர் பெருத்தால் மேலேயும் கீழேயும் பெருக்கும், அச்சு பாதிதான் ஏறும், இரண்டு விரற்கடை என்று சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எங்கம்மா படிச்ச?" "எங்க ஊரு கவர்மெண்டு பள்ளிக்கூடம்தான் சார்." எங்கள் கணக்கு டீச்சர் கேட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே மூங்கில் குச்சி வெட்டி வைத்திருந்தேன், பழைய டயரோடு டிராக்டர் சீட்டில் நான் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரமோ அவ்வளவு குச்சி, கவாத்து முடிந்த அன்றைக்கே அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு வரிசையும் நடந்தேன், எல்லா இடத்திலும் குச்சிக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு விரற்கடை. நாலில் இரண்டு போனால் இரண்டு. தலைக்கு மேல் இரண்டு விரற்கடை காற்று. போதும். கொண்டை போடாமல் சடை போட்டுக்கொண்டால் தாராளம். போடுங்க சார் என்று சொல்லிவிட்டேன். சரிதானே. இருபத்திரண்டால் வகுத்து ஏழால் பெருக்கி. சரிதான். பின்னே ஏன் இந்தக் கால் ஆடுகிறது. இந்த வலது கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கிறது, கோழியும் அதைத்தான் கொத்துகிறது. எங்கேயோ எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த மாதிரி. கேஸை அணைத்தேன். பிள்ளைக்கு மாற்றுத்துணி வைத்தேன். மட்கார்டில் உரசுமோ, அகலம் ஒன்றரை, பக்கத்துக்கு முக்கால், உரசினால் தாகிர் பாய் தட்டி வளைத்துவிடுவார். டயரைத் திருப்பி மாட்டிவிடக்கூடாது, அம்புக்குறி முன்னால் பார்க்க வேண்டும், அது அவருக்குத் தெரியும். வேறு என்ன. வேறு என்ன.

சின்னமனூர் தாண்டி வலதுபக்கம் ஒரு திராட்சைத் தோட்டம், அறுப்பு நடக்கிறது. பிளாஸ்டிக் பெட்டி அடுக்கி மினி லாரி நிற்கிறது, பந்தலுக்குள்ளே கறுகறுவென்று குலை, வாயில் எச்சில் ஊறுகிறது, பழம் வெட்டுகிற பொம்பளைகள் குனிந்து நடக்கிறார்கள். நல்ல உயரமான பந்தல்தான், ஆறடிப் பந்தல், ஏன் குனிகிறார்கள். பஸ் முன்னால் மாடு வந்து டிரைவர் பிரேக் அடித்தார், அந்த அரை நிமிடம் எனக்கு அவர்கள் கழுத்து மட்டும் தெரிந்தது, எல்லாக் கழுத்தும் ஒரே மாதிரி மடங்கி. குலை பாரத்தில் கம்பி தொட்டில் மாதிரி தொங்குகிறது. தொங்குகிறது. பஸ் கிளம்பிவிட்டது, எனக்கு அந்தக் கம்பி கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் பழம் வெட்டும்போதெல்லாம் என் பொட்டு காணாமல் போகும். ஒட்டுப்பொட்டு, கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், சஹானா ஒவ்வொரு தடவையும் வரிசை வரிசையாகப் போய் அம்மா பொட்டு அம்மா பொட்டு என்று பொறுக்கிக்கொண்டு வரும். பொட்டு உயரத்தில் கம்பி. ஆனால் நாலு நாள் முன்னால் கவாத்து வெட்டினபோது நிமிர்ந்து நின்றுதானே வெட்டினேன். கம்பி என் வகிட்டுக்கு மேலே இருந்தது. ஒரு பொட்டும் தொலையவில்லை. பொட்டிலிருந்து உச்சிக்கு, கையை வைத்துப் பார்க்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ஆறு. ஆறு விரற்கடை. அடி பாவி. மொட்டைப் பந்தலில் அளந்திருக்கிறாய் ஜோதி. பாரம் இறங்கி மேலே எழும்பி நிற்கிற கம்பியை அளந்துவிட்டு, நாலில் இரண்டு போனால் இரண்டு என்று கடைக்காரரிடம் கணக்கு ஒப்பித்திருக்கிறாய். காய் ஏறினால் நாலு விரற்கடை எங்கே இருக்கிறது, கம்பி என் நெற்றிக்கு நேராக அல்லவா வரும்.

"என்னத்தா, தலையத் தலையத் தடவுற, வலிக்குதா?" கோழிக்காரம்மா. "இல்லங்கம்மா." "மூஞ்சி செத்துப்போச்சே. எதையும் விட்டுட்டு வந்துட்டியா?" "ஆமாங்கம்மா. இல்லங்கம்மா." அவர் முந்தானையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துப் பாதி கிழித்து நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினேன், அவரே இரண்டு பாதியையும் போட்டுக்கொண்டார். இறங்கிவிடலாமா. இறங்கி எதிர் பஸ் பிடித்து, டயரை மறுபடி ஏற்றி, சார், வேண்டாம் சார், எட்டே கொடுங்க, எட்டுதான் செத்துப்போச்சே. சரி, இப்போது என்ன கெட்டுப்போச்சு. இன்றைக்கு மாட்டினால் நாளைக்கு வண்டி உள்ளே போகும். உழும். வெளியே வரும். பேச்சு அவ்வளவுதானே, ஒரு கவாத்து, வண்டி உள்ளே போய் வெளியே வந்தால் போதும் என்றார், வரும், என் தலைக்கு மேல் இரண்டு விரற்கடை காற்றோடு வரும், ஊரே பார்க்கும், தென்னங்கன்று சொன்னவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். காய் ஏற மூன்று மாதம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, இலையில் சாம்பல் பூக்கிற நேரம், வண்டியில் டேங்க் வைத்து மருந்து அடிக்க வேண்டும், அன்றைக்கு வண்டி வரப்பில் நிற்கும், நான் கீழே நிற்பேன். அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அடடே, கம்பி தொங்கிருச்சே மாமா, இது எனக்குத் தெரியாமப் போச்சே. முகத்தை எப்படி வைத்துக்கொள்வேன் என்றுகூடப் பார்த்துவிட்டேன், பஸ் ஜன்னல் கண்ணாடியில், புருவத்தைத் தூக்கி. எனக்கு நடிக்க வரும், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மந்திரி வேஷம் போட்டிருக்கிறேன். ஆனால் மூன்று மாதம் அந்த முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போடுவேனா. போன் அடிக்கிறது. மாமா. அடிக்கட்டும். அடித்து நின்றது. மறுபடி அடிக்கிறது. எடுத்தால் அளந்தியா என்று கேட்பார். கேட்கமாட்டார், டீ சாப்பிட்டியா என்று கேட்பார், எனக்கு அளந்தியா என்றுதான் விழும்.

சீட்டை இறக்கினால் என்ன. சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பலகையை நேராக அச்சு மேல் வைத்து முடுக்கினால் நாலு விரற்கடை இறங்கும், முதுகெலும்பு போகும், போனால் போகட்டும், ஆனால் கிளட்சு எட்டாது, எட்டினாலும் முன்னால் வரப்பு தெரியாது. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால், அது ஒரு விரற்கடை. ஒரு விரற்கடைக்கு எத்தனை யோசனை. எட்டே கிடைத்திருந்தால்? எட்டு கிடைத்திருந்தாலும், இரு, நில்லு, நாலிலிருந்து ஆறு போனால்? இடிக்கும். எட்டு பதினெட்டே கிடைத்திருந்தாலும் காய்ப்புக்கு இடித்துத்தான் இருக்கும். இவ்வளவு நேரமும் இந்த இரண்டு ரப்பரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறேன், பாவம், பிறந்து இரண்டு மாதம் ஆன பிள்ளைகள். மாமனார் ஓட்டினார் என்றால் அவர் ஓட்டினார், அதே சீட்டில் அவர் உட்கார்ந்தால் தலை என் காதுக்குத்தான் வரும். அவர் தலைக்கு வண்டி, அவர் தலைக்குப் பந்தல். நாங்கள்தான் எல்லாரும் கழுத்தை மடக்கிக்கொண்டோம். அத்தை குனிவார், நான் குனிவேன். அவர்? சுருளி மாமா அஞ்சே முக்கால் அடி. பதினஞ்சு வயதிலிருந்து அந்தப் பந்தலுக்குள் எரு சுமந்திருக்கிறார். நெற்றியில் கோடு கோடாக வடு, கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது என் தங்கச்சி, "மாப்பிள்ளைக்கு விபூதி அழியவே அழியாதாக்கா" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், கம்பி கிழித்த வடு. தோட்டத்துக்கு வரச் சொன்னால் ஜீப் வேலை இருக்கிறது என்பார். வந்தாலும் வரப்பிலேயே நின்று பேசுவார். திராட்சை பிடிக்கவில்லை என்று நினைத்தேன். திராட்சை என்ன செய்தது அவரை. சொந்தத் தோட்டத்தில் ஒரு நாள்கூட அந்த மனுஷன் நிமிர்ந்து நின்றதில்லை. தென்னை என்றால் மேலே பார்க்கலாம். கம்பியை அறுக்கிறேன் அறுக்கிறேன் என்று அவர் சொல்வது இதைத்தானா, நான்தான் ஏலக்காய் ஜீப் என்று கேட்டுக்கொண்டேனா. உத்தமபாளையம் எப்போது வந்தது, எப்போது போனது. கம்பியை அறுக்க வேண்டாம். தூக்கலாம். பந்தலைத் தூக்கலாம். இவ்வளவு நாள் வண்டியைக் குட்டையாக்கிக் குட்டையாக்கிப் பார்த்திருக்கிறோம், பந்தல் உயரத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது என்னவோ சாமி போட்ட மாதிரி. தூண் தலையில் கட்டை வைத்து, மூலைக் கம்பிகளைத் தளர்த்தி, ஒரு பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போனால்? கொடியில் இப்போது இலை இல்லை, காய் இல்லை, எடையே இல்லை, தூக்கினால் இந்த நாலு நாளில்தான் தூக்க முடியும், மொட்டு கண் திறந்துவிட்டால் தொடக்கூடாது. நாலு நாளில் தொண்ணூறு தூண். முடியுமா. தண்டு முறியுமா. அவர் அப்பா போட்டது, தொடவிடுவாரா.

கம்பம். டயரை நானும் கண்டக்டரும் உருட்டி இறக்கினோம். "பிள்ளைகளைப் பத்திரமா கூட்டிட்டுப் போம்மா" என்றார் அவர். கோழிக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மாமா நிற்கிறார், ஜீப் கதவில் சாய்ந்து, பஸ் ஸ்டாண்டில் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை, இருந்தும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டித்தான் நிற்கிறார், ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் தெரிகிறது. "போனை ஏண்டி எடுக்கல? தாகிர் பாய் மூணு டீ குடிச்சிட்டாரு." டயரைக் குனிந்து தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பரவால்லயே, நல்ல ரப்பரு. ஜெயிச்சுட்ட போல?" "இல்ல மாமா. தப்பா அளந்துட்டேன்." "என்னது?" "மொட்டைப் பந்தல்ல அளந்துட்டேன். இப்ப உள்ள போகும். காய் ஏறுனா போகாது. கம்பி தொங்கும்ல, அது என் மண்டையில ஏறல." அவர் டயர் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பக்கத்தில் குமுளி பஸ் ஆரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது, நாங்கள் நகரவில்லை. "இதை நீ சொல்லாம விட்டிருந்தா நான் தோத்துருப்பேன்ல?" என்றார். "ஆமா." "பின்ன ஏன் சொல்ற?" "எட்டு வாங்கியிருந்தாலும் இடிக்கும் மாமா. டயர்ல ஒன்னும் இல்ல. பந்தலைத் தூக்கணும்." அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார், அப்போதும் முழுதாக இல்லை. "எங்கப்பா பந்தலையா?" "ஆமா." "எவ்வளவு தூக்கணும்ங்கிற?" விரற்கடையில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லாமல் கையை உயர்த்தினேன், நடுவில் டயர் இருந்ததால் எட்டவில்லை, அதன் மேலேயே ஒரு காலை வைத்து ஏறி அவர் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தேன். "இந்த ஒசரம்." "ஒரேயடியாத் தூக்குனா கொடி முறிஞ்சிரும்டி." "ஒரேயடியா வேணாம். இந்தக் கவாத்துக்குக் கொஞ்சம், அடுத்த கவாத்துக்குக் கொஞ்சம். மூணாவது கவாத்துக்கு நீங்க உள்ள நிமிந்து நடக்கலாம்." என் உள்ளங்கைக்குக் கீழே அவர் தலை மெல்ல மெல்ல மேலே வந்தது, கை தானாக ஏறியது, அவர் இவ்வளவு உயரமா. "கையை எடு ஜோதி, பஸ் ஸ்டாண்டே பாக்குது" என்றார். தலையை மட்டும் அவர் இறக்கவில்லை.